அம்புகளைக் கோப்பது எப்படி? நிரலாளருக்குக் கேட்டகரி தியரி

நிரல் எழுதுகிறவர் நாள் முழுக்கச் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஒரு சார்பு தருகிற விடையை எடுத்து அடுத்த சார்புக்குள் போடுவது. கோப்பைப் படி, வரிகளாகப் பிரி, வேண்டாததை வடிகட்டு, மிச்சத்தை எண்ணு. இந்த வரிசையின் நடுவிலிருந்து இரண்டு படிகளை எடுத்துத் தனிச் சார்பாக்கினால் விடை மாறாது என்று நம்புகிறோம். நிரலைச் சீர்ப்படுத்தும் வேலை முழுவதும் அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. அதற்கு என்ன ஆதாரம், அது எங்கே பொய்க்கும் என்று சொல்லும் கணிதம்தான் கேட்டகரி தியரி.

இது கணினிக்காகப் பிறந்ததல்ல. சாமுவேல் ஐலன்பெர்க், சாண்டர்ஸ் மெக்லேன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1945-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் வரையறைகள் முழுமையாக வந்தன. அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது ‘இயல்பான மாற்றம்’ என்பதற்கு ஒரு துல்லியமான பொருள். அதை வரையறுக்க ஃபங்க்டர் தேவைப்பட்டது. ஃபங்க்டரை வரையறுக்கக் கேட்டகரி தேவைப்பட்டது. நாம் கற்பது அதற்கு நேர் எதிர்த் திசையில்: முதலில் கேட்டகரி, கடைசியில் இயல்பான மாற்றம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழில் கேட்டகரிக்கும் ‘வகை’, நிரல்மொழியின் டைப்புக்கும் ‘வகை’ என்று எழுதினால் பத்தாவது வரியில் படிப்பவர் தொலைந்துபோவார். அதனால் இங்கே ‘வகை’ என்றால் எண், சரம், பட்டியல் போன்ற தரவு வகை மட்டுமே. மற்றது கேட்டகரி என்றே இருக்கட்டும்.

கீழே வரும் நிரல்களில் நிரல்பாகம், பின்கொடு, முடி போன்ற சொற்கள் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியிலிருந்து எடுத்தவை. அம்புக்குறிகள் விளக்கத்துக்காகச் சேர்த்தவை (→ எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு என்பதையும், ↦ எந்த மதிப்பு எதுவாக மாறுகிறது என்பதையும் காட்டும்), ஆகவே இவை அப்படியே எழிலில் ஓடாது. செய்து பார்க்க விரும்புகிறவர் பைத்தான் 3-இல் எழுதலாம். அது தமிழ் மாறிப் பெயர்களை ஏற்கும்.

பொருள்கள், அம்புகள், மூன்று விதிகள்

ஒரு கேட்டகரியில் இரண்டு சரக்குகள் இருக்கும்: பொருள்கள், பொருளிலிருந்து பொருளுக்குப் போகும் அம்புகள். நிரலில் பொருள் என்றால் வகை. அம்பு என்றால் சார்பு.

    நீளம் : சரம் → எண்
    இரட்டையா : எண் → மெய்பொய்

முதல் விதி, ஒரு அம்பு முடிகிற இடத்தில் இன்னொரு அம்பு தொடங்கினால் இரண்டையும் சேர்த்து ஒரே அம்பு கிடைக்க வேண்டும்.

    நிரல்பாகம் சேர்(பின், முன்)
        பின்கொடு அ ↦ பின்(முன்(அ))
    முடி

    சேர்(இரட்டையா, நீளம்) : சரம் → மெய்பொய்

பத்தாம் வகுப்பு ‘உறவுகளும் சார்புகளும்’ பாடத்தில் ∘ குறியோடு பார்த்த அதே சேர்க்கைதான் இது. அங்கே தடுமாறிய அதே இடத்தில்தான் இங்கேயும் தடுமாறுவோம்: இரட்டையா ∘ நீளம் என்று எழுதினால் முதலில் ஓடுவது வலப்பக்கம் இருக்கும் நீளம். இடமிருந்து வலமாகப் படித்தால் வகைகள் பொருந்தவே பொருந்தாது.

இரண்டாவது விதி, சேர்ப்புப் பண்பு. மூன்று அம்புகளைக் கோக்கும்போது அடுத்தடுத்த எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் கிடைப்பது ஒன்றாக இருக்க வேண்டும். மேலே சொன்ன ‘நடுவிலிருந்து இரண்டு படிகளை எடுத்துத் தனிச் சார்பாக்குவது’ பாதுகாப்பானதாக இருப்பது இந்த விதியால்தான்.

மூன்றாவது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சமனி அம்பு. அ ↦ அ. எதனோடு சேர்த்தாலும் அதை மாற்றாத அம்பு.

அவ்வளவுதான் வரையறை. கவனியுங்கள், பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு விதியும் கேட்கவில்லை. அம்புகள் எப்படிக் கோக்கப்படுகின்றன என்பது மட்டுமே கணக்கு.

இங்கே சார்பு என்றால் ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவதும், அதைத் தவிர வேறெதையும் செய்யாததும்தான். கடிகாரத்தைப் பார்த்து விடை சொல்லும் சார்பு காலையில் ஒன்று தரும், மாலையில் ஒன்று தரும். ‘இந்த இரண்டு அம்புகளும் சமம்’ என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. சமம் என்ற சொல் போய்விட்டால் விதிகளை எழுதவும் வழியில்லை. பொது மாறியைத் திருத்துகிற சார்புக்கும் இதே கதிதான்.

ஒரே ஒரு பொருள் உள்ள கேட்டகரி

பெரும்பாலான விளக்கங்கள் இங்கிருந்து நேராக ஃபங்க்டருக்குத் தாவும். நடுவில் மோனாய்டு என்ற சிறிய படியில் சற்று நின்றுவிட்டுப் போவது நல்லது. விதிகள் மீறப்படும்போது என்ன ஆகும் என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

கேட்டகரியில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா அம்பும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடியும், ஆகவே எந்த இரண்டையும் சேர்க்கலாம். அதாவது சேர்ப்புப் பண்புள்ள ஒரு செயலும் ஒரு சமனியும் இருந்தால் போதும், அதுவே மோனாய்டு. முழு எண்களும் கூட்டலும் 0-வும் ஒரு மோனாய்டு. சரங்களும் ஒட்டுதலும் வெற்றுச் சரமும் இன்னொன்று.

தசம எண்களின் கூட்டலும் அப்படித்தான் என்று தோன்றும். பைத்தானில் போட்டுப் பாருங்கள்.

    (0.1 + 0.2) + 0.3    விடை: 0.6000000000000001
    0.1 + (0.2 + 0.3)    விடை: 0.6

இரும எண்ணாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் விடை, சேமிக்க முடிகிற மிக அருகிலுள்ள எண்ணாக உருட்டப்படுகிறது. எங்கே உருட்டுகிறோம் என்பது அடைப்புக்குறியைப் பொறுத்தது. ஒரு பெரிய பட்டியலை நான்காக உடைத்து, நான்கு செயலிகளில் கூட்டி, கடைசியில் சேர்த்தால் மொத்தத்தில் கடைசி இலக்கங்கள் மாறுவதற்குக் காரணம் இதுதான். பணக்கணக்கைப் பைசாவில், முழு எண்ணாக வைத்துக்கொண்டால் சேர்ப்புப் பண்பு திரும்பக் கிடைக்கும்.

சமனி இல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்தச் செயலைப் பாருங்கள்.

    நிரல்பாகம் இணை(அ, ஆ)
        பின்கொடு அ + ", " + ஆ
    முடி

இதில் சேர்ப்புப் பண்பு இருக்கிறது. எப்படி அடைப்புக்குறி போட்டாலும் "மதுரை, திருச்சி, சேலம்" என்றே வரும். ஆனால் வெற்றுச் சரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக இணைத்தால் ", மதுரை, திருச்சி, சேலம்" என்று தலையில் ஒரு காற்புள்ளி முளைக்கும். எல்லாரும் ஒரு தடவையாவது ‘முதல் சுற்றா என்று பார்’ என்று நிபந்தனை எழுதி மறைத்த பிழை இது. காரணம் எளிது: இந்தச் செயலுக்கு வெற்றுச் சரம் சமனி அல்ல, வேறெதுவும் சமனி அல்ல. பெயர்களைப் பட்டியலாகவே சேர்த்துக்கொண்டு வந்து, கடைசியில் ஒரே தடவை காற்புள்ளி இட்டுச் சரமாக்கினால் நிபந்தனை தேவைப்படாது. பட்டியலுக்கு வெற்றுப் பட்டியல் என்ற சமனி இருக்கிறது.

தமிழ் எழுத்தை எண்ணினால் தெரியும்

ஒரு மோனாய்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சேர்க்கையைக் காப்பாற்றிக்கொண்டு போக முடியுமா? சரத்திலிருந்து எண்ணுக்குப் போவோம். இரண்டு சரங்களை ஒட்டிவிட்டு அளந்தாலும், தனித்தனியே அளந்துவிட்டுக் கூட்டினாலும் விடை ஒன்றாக வர வேண்டும்.

    அளவு(அ + ஆ) = அளவு(அ) + அளவு(ஆ)
    அளவு("") = 0

"தமிழ்" என்ற சொல் பைத்தானுக்கு 5 நீளம்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடு குறிகளை எண்ணும் இந்த அளவு மேலே உள்ள சமன்பாட்டை எப்போதும் நிறைவேற்றும். எங்கே வெட்டினாலும் கூட்டுத்தொகை 5.

ஆனால் வாசகருக்குத் தெரிவது மூன்று எழுத்து. திரையில் தெரியும் எழுத்துகளை எண்ணும் சார்பை எடுத்துக்கொள்வோம். "கொடு" என்ற சொல்லில் 2 எழுத்து. இதைக் ககரத்துக்குப் பின்னால் வெட்டினால் முதல் துண்டு "க", எண்ணிக்கை 1. இரண்டாம் துண்டின் தலையில் ஒகரக் குறி துணையில்லாமல் நிற்கும், திரையில் புள்ளி வட்டத்தோடு தெரியுமே அது. அதற்கு 1, "டு"வுக்கு 1, ஆக 2. கூட்டினால் 3. சமன்பாடு உடைந்துவிட்டது.

நடைமுறையில் இது இப்படி வரும். பெரிய உரைக் கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டிலும் எழுத்துகளை எண்ணிக் கூட்டுகிறோம். சின்னக் கோப்பில் சரியாக இருக்கும், பெரிய கோப்பில் எண்ணிக்கை சற்றுக் கூடும். பைட்டுகளாகப் படித்தால் இன்னும் மோசம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. 4096 பைட்டில் 1365 குறிகள் போக 1 பைட்டு மிஞ்சும். இடைவெளியில்லாத தமிழ் உரை என்றால் முதல் துண்டே ஒரு குறியின் நடுவில் வெட்டுப்பட்டு, குறிநீக்கம் செய்யும்போது பிழை எழும்பும்.

எண்ணிக்கைக்கு மருந்து உண்டு. கால், கொம்பு, புள்ளி போல யூனிகோடு ‘மார்க்’ என்று வகுத்திருக்கும் குறிகளுக்கு 0, மற்ற எழுத்துக் குறிகளுக்கு 1 என்று எண்ணுங்கள். "க" துண்டுக்கு 1, ஒகரக் குறியோடு தொடங்கும் துண்டுக்கு 0 + 1, மொத்தம் 2. எங்கே வெட்டினாலும் பொருந்தும். விலை ஒன்று உண்டு: க்ஷ என்பது இந்த முறையில் 2 ஆகும். அதை ஒன்றாக எண்ணியே ஆக வேண்டுமென்றால் துண்டின் விளிம்பில் என்ன நின்றது என்பதையும் எண்ணோடு சேர்த்து அடுத்த துண்டுக்குக் கடத்த வேண்டும்.

இப்போது அந்தச் சமன்பாட்டைத் திரும்பப் பாருங்கள். ஒரு கேட்டகரியின் அம்புகளை இன்னொரு கேட்டகரியின் அம்புகளாக மாற்றியபோது, சேர்க்கை சேர்க்கையாகவும் சமனி சமனியாகவும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பெயர் ஃபங்க்டர்.

ஃபங்க்டர்: மேப் என்ற பெயர் இருந்தால் போதாது

பொதுவான ஃபங்க்டர் இரண்டு வேலை செய்யும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொருளைத் தரும்: எண் என்றால் பட்டியல்(எண்). ஒவ்வொரு அம்புக்கும் ஒரு அம்பைத் தரும்: நீளம் : சரம் → எண் என்றால் மேப்(நீளம்) : பட்டியல்(சரம்) → பட்டியல்(எண்). விதிகள் இரண்டு.

    மேப்(சமனி) = சமனி
    மேப்(சேர்(பின், முன்)) = சேர்(மேப்(பின்), மேப்(முன்))

இரண்டாவது விதியின் பயன் நேரடியானது. பட்டியலை இரண்டு தடவை சுற்றி வருவதை ஒரே சுற்றாக மாற்றலாம், நடுவில் ஒரு பட்டியலை உருவாக்கும் நினைவகச் செலவு மிச்சம். முதல் விதி, மேப் என்பது உள்ளே இருக்கும் மதிப்புகளைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்கிறது. ஓடும்போதெல்லாம் பட்டியலைத் திருப்பிப்போடும் மேப், எத்தனை தடவை ஓடியது என்று பக்கத்தில் எண்ணிக்கொள்ளும் மேப், இரண்டுமே முதல் விதியிலேயே விழும்.

உலகமே பயன்படுத்தும் நூலகத்திலும் இந்த விதி உடைந்திருக்கிறது. ஜாவா 8-இல் வந்த ஆப்ஷனல், ‘மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்பதற்கான பெட்டி. அதன் மேப், நாம் கொடுத்த சார்பு வெற்று மதிப்பை (null) திருப்பினால் பெட்டியையே காலி செய்துவிடும். இரண்டு சார்புகளை எடுத்துக்கொள்வோம்.

    எண்தேடு : பெயர் → எண்        (கிடைக்காவிட்டால் வெற்று மதிப்பு)
    காட்டு : எண் → சரம்           (வெற்று மதிப்பு வந்தால் "பதிவு இல்லை")

    பெட்டி.மேப்(எண்தேடு).மேப்(காட்டு)      விடை: காலிப் பெட்டி
    பெட்டி.மேப்(சேர்(காட்டு, எண்தேடு))      விடை: "பதிவு இல்லை" உள்ள பெட்டி

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் முதல் வரியில் ‘காட்டு’ ஓடவே ஓடாது. இரண்டாவது வரியில் ஓடும். ‘இரண்டு மேப்பையும் ஒன்றாக்கினால் நிரல் அழகாக இருக்குமே’ என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு மாற்றினால் திரையில் வேறு விடை வரும். வெற்று மதிப்பைத் திருப்பும் சார்பை மேப்புக்குள் விடாமல் இருப்பதே இதற்குத் தற்காப்பு. அத்தகைய சார்பு பெட்டியையே திருப்பட்டும். அதை எப்படிக் கோப்பது என்பது சற்றுக் கீழே.

இயல்பான மாற்றம்

ஒரு ஃபங்க்டரிலிருந்து இன்னொரு ஃபங்க்டருக்குப் போகும் சார்பு இது. பட்டியலிலிருந்து முதல் உறுப்பை எடுக்கும் சார்பு நல்ல உதாரணம். பட்டியல் காலியாக இருக்கலாம், ஆகவே விடை ‘ஒருவேளை’ என்ற வகை: உண்டு(மதிப்பு) அல்லது வெறுமை.

    முதலாவது : பட்டியல்(அ) → ஒருவேளை(அ)

எந்தச் சார்பை எடுத்தாலும், எல்லா உறுப்பையும் மாற்றிவிட்டு முதலாவதை எடுப்பதும், முதலாவதை எடுத்துவிட்டு அதை மட்டும் மாற்றுவதும் ஒன்றே. இரண்டாவது வழி மலிவு: ஆயிரம் உறுப்பிருந்தாலும் ஒரே ஒரு கணக்கு.

‘மிகச்சிறியது’ என்ற சார்பும் அப்படித்தானே தோன்றுகிறது? [3, -5, 1] என்ற பட்டியலில் வர்க்கத்தை வைத்துச் சோதிப்போம். மிகச்சிறியதை எடுத்து வர்க்கப்படுத்தினால் 25. வர்க்கப்படுத்தினால் [9, 25, 1], அதில் மிகச்சிறியது 1. பொருந்தவில்லை. காரணம், மிகச்சிறியதைத் தேட உறுப்புகளின் மதிப்பைப் பார்த்தாக வேண்டும். ‘முதலாவது’ இடத்தை மட்டும் பார்க்கிறது. உள்ளே இருப்பது எந்த வகை என்றே தெரியாமல் எழுதக்கூடிய சார்புகள்தான் இயல்பானவையாக அமையும். ஐலன்பெர்க்கும் மெக்லேனும் ‘இயல்பான’ என்ற சொல்லுக்குப் பொருள் தேடியபோது பிடிக்க நினைத்தது இதைத்தான்: எதையும் குறிப்பிட்டுத் தேர்ந்தெடுக்காமல் செய்ய முடிகிற மாற்றம்.

பொருந்தாத அம்புகளைக் கோப்பது

மோனாடு என்ற சொல்லைக் கேட்டுத்தான் பலர் இந்தத் துறைக்குள் வருகிறார்கள், அதிலேயே மிரண்டு திரும்பியும் போகிறார்கள். அங்கிருந்து தொடங்காமல், கோக்க முடியாத இரண்டு அம்புகளிலிருந்து தொடங்குவதே சரியான வழி.

    எண்ணாக்கு : சரம் → ஒருவேளை(எண்)
    தலைகீழ் : எண் → ஒருவேளை(எண்)      (1-ஐ அந்த எண்ணால் வகுக்கும், 0 என்றால் வெறுமை)

முதல் அம்பு ஒருவேளை(எண்)ணில் முடிகிறது. அடுத்தது எண்ணில் தொடங்குகிறது. பழைய ‘சேர்’ இங்கே செல்லாது. மேப்பைப் போட்டால் ஒருவேளை(ஒருவேளை(எண்)) என்று பெட்டிக்குள் பெட்டி வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்தப் படியில்தான். தேவை ஒரு புதுச் சேர்க்கை.

    நிரல்பாகம் கோர்(பின், முன்)
        நிரல்பாகம் விடை(அ)
            வி = முன்(அ)
            @( வி == வெறுமை ) ஆனால்
                பின்கொடு வெறுமை
            முடி
            பின்கொடு பின்(உள்ளிருப்பது(வி))
        முடி
        பின்கொடு விடை
    முடி

கோர்(தலைகீழ், எண்ணாக்கு) என்ற அம்புக்கு "4" கொடுத்தால் உண்டு(0.25). "0" கொடுத்தால் வெறுமை. "நாலு" கொடுத்தாலும் வெறுமை. கடைசி இரண்டில் எது எதனால் என்று தெரியாது. தெரிய வேண்டுமென்றால் வெறுமைக்குப் பதில் காரணத்தைச் சுமக்கும் ‘பிழை(செய்தி)’ வைக்கலாம். ‘கோர்’ ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

இப்போது ஒரு புதுக் கேட்டகரி உருவாகிவிட்டது. பொருள்கள் பழையவையே. அம்பு மட்டும் வேறு: அ → ஒருவேளை(ஆ) வடிவில் இருக்கும் சார்பு. சேர்க்கை ‘கோர்’. சமனி? அ ↦ அ இங்கே அம்பே அல்ல, அதன் வடிவம் பொருந்தாது. அ ↦ உண்டு(அ) என்பதே சமனி. கணிதவியலாளர் ஹெய்ன்ரிச் கிளைஸ்லி 1965-இல் வெளியிட்ட கட்டுரையால் இதற்குக் கிளைஸ்லி கேட்டகரி என்று பெயர். ‘ஒருவேளை’ என்ற ஃபங்க்டரும் ‘கோர்’, ‘உண்டு’ இரண்டும் சேர்ந்ததே ஒரு மோனாடு. மோனாடு விதிகள் என்று மிரட்டும் மூன்றும் இந்தக் கேட்டகரியின் சேர்ப்புப் பண்பும் இரண்டு பக்கச் சமனி விதியும்தான். 1980-களின் இறுதியில் கணினியியலாளர் யூஜினியோ மோஜி நிரல்களின் பக்கவிளைவுகளை (விடை தருவதைத் தவிர நிரல் செய்யும் மற்ற வேலைகளை) இந்த வழியில் விளக்கினார். பிலிப் வாட்லர் அதை நிரல் எழுதும் முறையாக்கினார். 1996-இல் வந்த ஹாஸ்கெல் நிரல்மொழியின் 1.3 பதிப்பில் உள்ளீடு வெளியீடு முழுவதும் இதன்மேல் அமைந்தது.

சமனியில் கைவைத்தால் எல்லாம் கெடும். ‘உண்டு’வைக் கட்டும்போதே வெற்று மதிப்பு வந்தால் வெறுமையாக்கிவிடலாம் என்று ஒருவர் உதவியாக எழுதுகிறார் என்போம். உடனே கோர்(பின், உண்டு) என்பதும் பின் என்பதும் வேறாகிவிடும், வெற்று மதிப்பைத் தானே கையாளும் ‘காட்டு’ போன்ற சார்புக்கு அது போய்ச் சேராது. ஜாவா ஆப்ஷனலில் பார்த்த கோளாறின் வேர் இதே இடத்தில்தான்.

‘கோர்’ எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு படிவத்தில் பெயர், வயது, அஞ்சல் குறியீடு மூன்றிலும் உள்ள தவறுகளை ஒரே நேரத்தில் காட்ட வேண்டுமென்றால் இது முதல் தவறிலேயே நின்றுவிடும். அடுத்த அம்புக்கு முந்தைய விடை தேவை என்பது இதன் அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே மூன்றையும் தனித்தனியே சோதித்து, தவறுகளைப் பட்டியலாக ஒட்டுங்கள். பட்டியல் ஒரு மோனாய்டு, எந்த வரிசையில் அடைப்புக்குறி போட்டாலும் கவலையில்லை.

விதிகளைக் கையால் நிரூபிக்க நேரமில்லாதபோது எந்திரத்திடம் விடலாம். ஹாஸ்கெலின் குவிக்செக், பைத்தானின் ஹைப்பாத்திசிஸ் இரண்டும் ஒரு சமன்பாட்டைக் கொடுத்தால் தாமாகவே உள்ளீடுகளை உருவாக்கி, எண்ணிக்கை குறிப்பிடாவிட்டால் 100 தடவை சோதிக்கும். சரங்களை உருவாக்கும்போது வெறும் எழுத்துகளோடு நிறுத்தாமல் வெற்றுச் சரம், புள்ளியில் தொடங்கும் சரம், ஒகரக் குறியை ஒரே குறியாகவும் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதிய இரு வடிவங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். எண்களில் 0-வும் எதிர்க்குறி எண்ணும் கட்டாயம். தசம எண்களை ‘கிட்டத்தட்ட சமம்’ என்று ஒப்பிட்டுக் கடத்திவிட வேண்டாம்: அ கிட்டத்தட்ட ஆ, ஆ கிட்டத்தட்ட இ என்றால் அ கிட்டத்தட்ட இ என்று ஆகாது, சோதனை பச்சை காட்டிக்கொண்டே இருக்கும்போது வித்தியாசம் ஒவ்வொரு சேர்க்கையிலும் வளர்ந்துகொண்டே போகும்.